பாலை மரத்தடியில் நின்றவர்

என் மூக்கு செத்து மூன்று வருடம் இருக்கும். கதிர்ச் சிகிச்சை முடிந்த கையோடு மணம் போய்விட்டது. குசினியில் கருவாடு பொரித்தாலும் சரி, மழையில் நனைந்த ஆட்டுப்பட்டி நாறினாலும் சரி, எனக்கு எல்லாம் ஒன்றுதான். என் மனைவி மங்களம் அதை நினைத்துக் கவலைப்பட்ட போதெல்லாம், "உம்மட கறி அடிப்பிடிச்சாலும் இனி நான் குறை சொல்லமாட்டன், சந்தோசப்படும்" என்று சொல்லிச் சமாளிப்பேன். அப்படிச் செத்துக் கிடந்த மூக்கில் ஒரு நாள் காலையில் மணம் வந்தது.

மகள் கஜனியை ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டுக் காட்டு ரோட்டால் திரும்பி வந்துகொண்டிருந்தேன். துணி எரிகிற மணம். மண்ணெண்ணெய் ஊற்றிய பழந்துணி. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு சைலன்சரில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. காட்டுக்குள் புகையும் இல்லை. மணம் மட்டும் ஏறி ஏறி வந்து சட்டென்று நின்றது. எங்கள் வயதுக்காரருக்கு இந்த மண்ணில் எரிந்த மணம் வந்தால் வேறு நினைவுகள் வரும். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் வரவில்லை. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று சந்தோசத்தில் ஒரே புளுகம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு வெங்காயத்தை வெட்டி மூக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணீர் வந்தது, மணம் வரவில்லை.

தலையிலும் கழுத்திலும் கதிர் வாங்கிச் சுகமாகி வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோய் போன பிறகு வந்து கதவைத் தட்டுகிற ஒன்று இருக்கிறது. அது வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்து நீரை நம்பிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. நெல்தான் தொழில். ஒரு விதைப்புக் காலத்தில் மூக்கால் இரத்தம் வந்தது. வெயில் என்று நினைத்தேன். ஒரு காது அடைத்தது. தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தேன். கழுத்தில் ஒரு கட்டி வந்தபோது நினைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மூக்குக்குள் மெல்லிய குழாய் ஒன்றைவிட்டுப் பார்த்த வைத்தியர், கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வைத்தியர்மார் கதிரையை இழுத்துப்போட்டால் நல்ல செய்தி இல்லை என்பது கிளினிக்கில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். மூக்கின் பின்பக்கம், தொண்டை தொடங்குகிற இடத்தில் புற்றுநோய் என்றார். அந்த இடத்தைக் கத்தியால் வெட்டி எடுப்பது கடினம், கதிரும் மருந்தும்தான் வழி, இந்த நோய் கதிருக்கு அடங்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் மங்களம் வீடு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வார்ட்டில் கதிர்ச் சிகிச்சைக்குப் பெயர் கரண்ட் பிடிக்கிறது. கரண்டும் இல்லை, பிடிக்கிறதும் இல்லை. படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு எக்ஸ்ரேயைவிடப் பலமான கதிர் ஒன்றைக் குறிபார்த்து அந்த இடத்துக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். தலை அசையக்கூடாது என்பதால் ஒரு முகமூடி செய்வார்கள். வலைபோல் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தில் வைத்து அமர்த்துவார்கள். அது ஆறி இறுகும்போது என் மூக்கும் என் நாடியும் அதில் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் அதை முகத்தில் மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள். கதிர் தங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் போகிற அந்தச் செருப்புச் சத்தம்தான் எனக்குப் பயம்.

முகமூடிகள் அந்த அறையின் ஒரு பக்கத்தில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மனிதர்களை எனக்கு முன்பின் தெரியாது, ஆனால் அந்த முகங்களைத் தெரியும். என்னுடையதற்குப் பக்கத்தில் நாடி நீண்ட ஒரு முகம் இருந்தது. ஒரு நாள் அதைக் காணவில்லை. "இந்த ஐயா எங்கை மிஸ்ஸி?" என்று தாதியிடம் கேட்டேன். "வீட்டை போட்டார்" என்றா. எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவாவும் என் முகமூடியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தா.

வாய் முழுக்கப் புண். எச்சில் சுரக்கிறது நின்றது. தண்ணீர்ப் போத்தல் கையில் இல்லாமல் ஒரு வசனம் பேசமுடியாது, இன்றைக்கும் அப்படித்தான். மங்களம் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கஞ்சியை வடித்து, அதையும் துணியால் இன்னொரு முறை வடித்துக் கொண்டுவருவாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கனகாலம் எங்கள் வீட்டில் மிளகாய் இடிக்கிற சத்தம் கேட்கவில்லை. எனக்கு உறைப்புக் கூடாது என்றால் தங்களுக்கும் வேண்டாம் என்று தாயும் மகளும் முடிவெடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அன்பு என்றால் வாய் திறக்காமல் செய்கிற காரியம். இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்லவேண்டி இருக்கிறது.

கழுத்து மரக்கட்டைபோல் இறுகிவிட்டது, நிமிர்ந்து வானம் பார்க்க முடியாது. மற்றப்படி சுகம். கிளினிக்கில் "நோயின்ர அடையாளம் ஒண்டும் இல்லை" என்றார்கள். வயலுக்குப் போனேன். கஜனிக்கு முல்லைத்தீவுக் கச்சேரியில் அரசாங்க வேலை கிடைத்தது. முதல் நாள் சாறி உடுத்துக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து, "ஆர் பிள்ளை நீர்? ஆரின்ர மகள்?" என்று கேட்டேன். வீட்டில் அவளை நீ என்றுதான் கூப்பிடுவது. அதனால் அந்த 'நீர்' அவளுக்குப் பெரிய பகிடி. அன்றிலிருந்து புதுச் சட்டை போட்டாலும் கேட்பேன், தலைமுடி வெட்டினாலும் கேட்பேன். "போங்கோ அப்பா" என்பாள்.

எங்கள் குடியேற்றத்திலிருந்து ஒட்டுசுட்டான் சந்திக்குப் போகிற கிரவல் ரோட்டில் ஒரு துண்டு காடு. அந்தக் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலை மரம், அடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். காட்டுக்குள் போகிறவர்கள் பக்கத்தில் ஒரு குழை முறித்து, பச்சை இலையோடு அந்தக் கல்லடியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு குழை மட்டும். அங்கே ஒருவர் நின்றால் அவர் முடிக்கும் வரை மற்றவர் பேசாமல் தள்ளி நிற்பது வழக்கம். எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் குறைவு. யானைக்கும் பிள்ளையாருக்கும் சொந்தம் இருப்பதால் ஒரு சிபாரிசுக்காகப் போடுகிறோம் என்று மங்களத்தைச் சீண்டுவேன். ஆனாலும் காலையில் மகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு குழை போடுவேன். யானை ரோட்டை மறித்து நின்றால் நாத்திகம் பேச நேரம் இராது.

நான் போடுவது நாளுக்கு ஒன்று. ஆனால் அந்த மணம் வரத் தொடங்கிய காலத்தில், பின்னேரம் மகளைக் கூட்டிவரப் போகும்போது பார்த்தால், கல்லடியில் ஒரு குவியல். எல்லாம் அன்றைக்கு முறித்த பச்சை. முதல் நாள் யாரோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அடிக்கடி இப்படி. அந்த ரோட்டால் போகிறவர்கள் எங்கள் குடியேற்றத்துச் சனம் மட்டும்தான். நாலைந்து பேரிடம் விசாரித்தேன். "ஒண்டு போடுறனாங்கள், ஆர் கும்பமாய்ப் போடுறது?" என்றார்கள்.

ஒரு நாள் இறங்கி நின்று கவனமாகப் பார்த்தேன். குழைகள் எல்லாம் ஒரே பற்றையிலிருந்து முறித்தவை. பற்றையின் ஒரு பக்கம் மொட்டையாகி இருந்தது. மேலே கை நீட்டி ஒரு கொப்பும் முறிக்கவில்லை, எல்லாம் நெஞ்சு உயரத்தில். ஏறக்குறைய என் உயரமுள்ள ஆள் என்று நினைத்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை, ஆள் நிற்கிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கழுத்து திரும்பாததால் உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். ஒருவரும் இல்லை. இந்த இடத்தில், இந்த வெளிச்சத்தில், இதேபோல முன்பும் ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்த எண்ணம் எண்ணமாக வரவில்லை, வயிற்றிலிருந்து ஏறி வந்தது. கூடவே துணி எரிகிற மணம்.

இதற்கிடையில் வீட்டில் வேறு பிரச்சினை. மங்களம் காலையில் வாசலில் நின்று, "எங்கை நிண்டனீங்கள் இவ்வளவு நேரமும்?" என்று கேட்பாள். நான் நேரே வந்தேன் என்பேன். "நேரை வந்தா வெயில் இவ்வளவுக்கு ஏறுமே?" ஒரு நாள் கிட்ட வந்து என் வாயை மணந்து பார்த்தாள். கள்ளச் சாராயம், கசிப்பு என்று சந்தேகம். எச்சில் ஊறாத வாயில் கசிப்பை ஊற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? கசிப்பு இல்லை என்று கண்டதும் சந்தேகம் வேறு பக்கம் போனது. இந்தக் கழுத்தையும் போத்தலையும் கொண்டு எந்தப் பெண்பிள்ளையைப் பிடிக்க முடியும் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு நாள் திடீரென்று எல்லாம் மாறியது. மங்களம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் பிந்தி வந்தால் பேசாமல் தேத்தண்ணி வைத்தாள். கஜனி என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு இளக்கம். நான் உள்ளே போனால் இருவரும் கதையை நிறுத்துவார்கள். நோய் திரும்பி வந்துவிட்டது, வைத்தியர் இவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவும் பயமாக இருந்தது. மண்வெட்டியின் பெயர் வாயில் வராமல் "அது, அந்தக் கொத்துறது" என்று நான் தடுமாறினால் கூட, அவர்கள் சிரிக்காமல் எடுத்துத் தந்தார்கள்.

கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தது ஒரு காலை. கஜனியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுப் படலையைத் தாண்டியது நினைவிருக்கிறது. மணம் வந்தது. அடுத்து நினைவிருப்பது ஒட்டுசுட்டான் சந்தி. நான் வண்டியில் இருக்கிறேன், ஒரு கால் நிலத்தில். கஜனி சாறியைச் சரி செய்துகொண்டு, "போட்டு வாறன் அப்பா" என்கிறாள். பஸ் வருகிறது. நடுவில் இருந்த காடு இல்லை. பாலை மரம் இல்லை. வெள்ளம் அரித்த மதகு இருக்கிறது அந்த ரோட்டில், ஒரு பக்கம் பள்ளம், எச்சரிக்கையாக ஓட்டவேண்டிய இடம். அதைத் தாண்டியதும் இல்லை. என் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மதகால் ஓட்டியது யார்?

வண்டியைச் சந்திக் கடையில் விட்டுவிட்டு, தெரிந்த ஒருவரின் உழவு இயந்திரத்தில் வீட்டுக்கு வந்தேன். மங்களத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்திலிருந்து அந்த இளக்கம் வடிந்து போனதைப் பார்த்தேன். "அப்ப அது நேர்த்தி இல்லையே?" என்று கேட்டாள். என்ன நேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. அவள் உடுப்பு மாற்றப் போய்விட்டாள்.

புளியங்குளம் வழியாக வவுனியாவுக்கு மூன்று பேரும் போனோம். நரம்பு வைத்தியர் ஒரு இளம் பெண். கதிரையை இழுத்துப்போடவில்லை, அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. மணத்தைச் சொன்னேன், பின்னால் நிற்கிற ஆளைச் சொன்னேன், காணாமல் போன ரோட்டைச் சொன்னேன். பேய்க்கதை சொல்கிறேன் என்று சிரிப்பா என்று நினைத்தேன். அவா சிரிக்கவில்லை. பழைய கதிர்ச் சிகிச்சை விபரங்களைப் பார்த்துவிட்டு, "இந்த நேரத்திலை இவரை ஆராவது பக்கத்திலை நிண்டு கண்டனீங்களோ?" என்று கேட்டா.

மங்களம் மகளைப் பார்த்தாள். பிறகு கஜனி, "நான் கண்டனான்" என்றாள்.

அவள் சொன்னது இது. ஒரு பின்னேரம் சந்தியில் எனக்காகக் காத்திருந்து களைத்து, ஒரு உழவு இயந்திரத்தில் ஏறிக் காட்டைத் தாண்டி வந்திருக்கிறாள். பாலை மரத்தடியில் என் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓடியபடி நிற்கிறது. அவள் இறங்கிக்கொள்ள, உழவு இயந்திரம் குறுக்கு வழியால் போய்விட்டது. நான் பற்றையடியில் நின்று ஒரு குழை முறிக்கிறேன். கல்லடியில் கொண்டுபோய்ப் போடுகிறேன். திரும்பி வந்து இன்னொன்று முறிக்கிறேன். போடுகிறேன். திரும்பி வருகிறேன். அவசரம் இல்லை, நிறுத்தமும் இல்லை. உதடு மட்டும் எதையோ சப்பியபடி அசைகிறது.

"கும்பிடுறவையிட்டைக் கதைக்கக்கூடாது எண்டு தள்ளி நிண்டனான் டொக்டர். அப்பா எப்பவும் சாமியை நக்கலடிக்கிறவர். வருத்தம் வந்த பிறகு எங்களுக்குத் தெரியாமல் நேர்த்தி வைச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். பிறகு கிட்டப் போனன். என்னைப் பாத்து 'ஆர் பிள்ளை நீர்' எண்டு கேட்டவர். அது அப்பா வழமையாக் கேக்கிற பகிடி. பிடிபட்டிட்டன் எண்ட வெக்கத்திலை கேக்கிறார் எண்டு நினைச்சிட்டன்."

அதுதான் அந்த இளக்கம். அவள் என்னை அப்படியே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொல்லியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து, அவருக்கு வெட்கமாக இருக்கும், நாங்கள் கண்டதாகக் காட்டக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மிளகாயை நிறுத்தியதுபோல. மங்களம் தன் பங்குக்கு நேர்த்தி நிறைவேறட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விரதமும் பிடித்திருக்கிறாள். நான் வியாதியில் நின்று முறித்த குழைகளுக்கு அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

வைத்தியர் ஒரு கடதாசியில் தலையை வரைந்து காட்டினா. காதுக்கு மேலே, கன்னப்பொட்டுக்கு உள்பக்கம் மூளையின் ஒரு பகுதி இருக்கிறது. மூக்கின் பின்பக்கத்துக்கு அது பக்கத்து வீடு. புற்றுநோயைக் குறிபார்த்த கதிரில் ஒரு பங்கு அந்த வீட்டிலும் விழும். விழாமல் பார்ப்பார்கள், ஆனாலும் முற்றாகத் தவிர்க்க முடியாது. அங்கே உள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் மெதுவாகக் கெட்டு, வருடங்கள் கழித்து அந்த இடம் வீங்கும், சில இடம் செத்தும் போகும். மணம், முகம், ஞாபகம், இது முன்பும் நடந்தது என்கிற உணர்வு எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அங்கே பழுது வந்தால் வலிப்பு வரும்.

"விழுந்து கைகால் இழுக்கிறதுதான் வலிப்பு எண்டு எல்லாரும் நினைக்கினம் ஐயா. இது அப்பிடி இல்லை. ஆள் நிப்பார், நடப்பார், வாய் சப்புவார், செய்த வேலையையே திரும்பச் செய்வார். சிலர் கதைக்கவும் செய்வினம். ஆனா நினைவு இராது. ஒண்டு முடிய மற்றது தொடர்ந்து வந்தா, முழுசாத் தெளியக் கனநேரம் எடுக்கும்."

"அப்ப கதைக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

அவா, "நீங்கள்தான்" என்றா. அந்தப் பதில் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ ஸ்கானில் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்றார்கள். அது கதிரின் தழும்பா, அல்லது நோயே மூளைக்கு ஏறியிருக்கிறதா என்று சொல்ல இன்னும் பெரிய வைத்தியர்கள் பார்க்கவேண்டும். அதுவரை வார்ட்டில் இருந்தேன். தலை முழுக்கக் களிம்பால் வயர்களை ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக எடுத்தார்கள். இதற்கும் வார்ட்டில் கரண்ட் என்றுதான் பெயர், ஆனால் இந்த முறை கரண்ட் என்னுடையது. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு நாள் காலையில், "என்ன அண்ணை, என்ர போர்வையை மடிச்சு மடிச்சு வைச்சியள்" என்றார். நான் கட்டிலைவிட்டு இறங்கியதே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நித்திரை வரும்போதெல்லாம், நான் படுத்த பிறகு எழும்பப்போகிறவரை நினைத்துப் பயந்தேன். அவருக்கு என் கைகள் இருக்கின்றன, என் மோட்டார் சைக்கிளை ஓட்டத் தெரியும், என் பகிடிகூடத் தெரியும். மகளை மட்டும் தெரியாது.

புற்றுநோய் என்றால் செத்துப்போவேன், அது ஒரு கணக்கு. பிள்ளையை மறந்துவிட்டு உயிரோடு இருப்பது எந்தக் கணக்கில் சேரும்? மங்களத்திடம் இதைச் சொன்னேன். "மறந்தா என்ன, அவளுக்கு உங்களைத் தெரியுந்தானே" என்று சொல்லிவிட்டுப் போத்தலில் தண்ணீர் நிரப்பினாள். போத்தல் நிரம்பிய பிறகும் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

தழும்புதான் என்று முடிவு சொன்னார்கள். நோய் இல்லை. வீக்கம் வற்றுவதற்கு ஒரு மாத்திரை, வலிப்புக்கு ஒரு மாத்திரை. செத்த இடம் திரும்பி வராது, ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அவரை அடக்கி வைக்கலாம். அடக்கி வைக்கலாம் என்பது வைத்தியரின் சொல், அவர் என்பது என்னுடையது. மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது. குளத்தில் தனியே குளிக்கக்கூடாது. மணம் வந்தால் இருந்த இடத்தில் இருந்துவிட வேண்டும். கதிர் பிடித்த யாருக்காவது இல்லாத மணம் வந்தால், இது முன்பும் நடந்தது என்று திரும்பத் திரும்பத் தோன்றினால், மந்திரிக்கிறவரிடம் போவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கண்டால் மரியாதைக்காகப் பேசாமல் இருக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து சில மாதங்கள். மணம் இரண்டொரு தடவை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. கஜனி மோட்டார் சைக்கிள் பழகி லைசன்சும் எடுத்துவிட்டாள். முதல் நாள் வேலைக்குப் போகும்போது, "பின்னாலை ஏறுங்கோ அப்பா, சந்தி மட்டும் வாங்கோ, வரேக்கை ஆரோடையும் வரலாம்" என்றாள். மகளுக்குப் பின்னால் போத்தலும் கையுமாக ஏறி உட்கார்ந்தேன். என்னைவிட அவள் நன்றாக ஓட்டினாள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பாலை மரத்தடியில் நிறுத்தினாள். பற்றை தளிர்த்திருந்தது, நெஞ்சு உயரத்தில் ஒரு வரி மட்டும் இளம்பச்சை. அதைப் பார்த்துக்கொண்டே, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நான் 'ஆர் பிள்ளை நீர்' எண்டு கேட்டதுக்கு நீ என்ன சொன்னனி?"

கஜனி ஹெல்மெற்றைக் கழற்றினாள். "நானும் பகிடியா, 'மங்களத்தின்ர மகள்' எண்டு சொன்னன்."

"அதுக்கு நான்?"

அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "ரோட்டைப் பாத்தியள். பிறகு, 'இருட்டுப்படப் போகுது பிள்ளை, யானை வாற நேரம், இதிலை நிக்காமல் கெதியாப் போம். உம்மட அப்பா தேடிக்கொண்டிருப்பார்' எண்டு சொன்னியள்."

தண்ணீர் குடித்தேன். பிறகு பற்றையடிக்குப் போய் ஒரு குழை முறித்தேன், கல்லடியில் போட்டேன். திரும்பி வந்து இன்னொன்றை முறித்தேன். பின்னால் கஜனியின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"அப்பா, இது ரெண்டாவது. அப்பா, என்னைப் பாருங்கோ."

உடம்போடு சேர்த்துத் திரும்பி அவளைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது.

"தெரியும் கஜனி" என்றேன். "இது தெரிஞ்சு முறிச்சது. உன்னை வீட்டை போகச் சொன்னாரே ஒரு மனிசன், அவருக்கு."